பல்பு 529 ஓமா, 38 ஓமா? வோல்டேஜும் ஆம்பியரும் தெரிந்தால் ரெசிஸ்டன்ஸ், வாட் கணக்கிடுவது எப்படி

கேள்வி இதுதான். 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ரெசிஸ்டன்ஸ் (கரண்டைத் தடுக்கிற அளவு) 529 ஓம் வருகிறது, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 38 ஓம்தான் காட்டுகிறது, மீட்டர் கெட்டுப்போய்விட்டதா? இதோடு இன்னும் இரண்டு கேட்டிருக்கிறீர்கள். ஒரு சூத்திரம் ரெசிஸ்டன்ஸ் கூடினால் சூடு கூடும் என்கிறது, இன்னொன்று கூடினால் சூடு குறையும் என்கிறது, எதை நம்புவது? கடைசியாக, 1500 வாட் ஹீட்டர் ராடை 6 ஆம்பியர் பிளக்கில் போடலாமா?

உங்கள் மீட்டர் கெடவில்லை, கணக்கும் தப்பில்லை. 38 ஓம் என்பது குளிர்ந்து கிடக்கும் பல்பு, 529 ஓம் என்பது எரிந்துகொண்டிருக்கும் பல்பு. ஏன் இப்படி என்று சொல்வதற்கு முன்னால் கணக்கை ஒரு தடவை நேராகப் போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நிறையப் பேர் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், எந்த எண்ணை எங்கே எடுத்துப் போடுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், ஓம் கணக்கில். வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கினால் பவர், வாட் கணக்கில். அவ்வளவுதான் அடிப்படை. எங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸில் 1000 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அது சூடாகிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சாக்கெட்டில் வோல்டேஜ் பார்த்தேன், 222. கிளாம்ப் மீட்டரில் (வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் பார்க்கிற மீட்டர்) கரண்ட் 4.22 ஆம்பியர். 222-ஐ 4.22-ஆல் வகுத்தால் 52.6 ஓம். 222-ஐ 4.22-ஆல் பெருக்கினால் 937 வாட். பெட்டியில் எழுதியிருப்பது 1000, வருவது 937, காரணம் அன்றைக்கு வோல்டேஜ் 230 இல்லை, அது மட்டும்தான்.

மற்ற இரண்டு சூத்திரங்களும் இதிலிருந்தே வருகின்றன, தனியாகப் படிக்க வேண்டியதில்லை. வாட் என்பது வோல்டேஜ் பெருக்கல் ஆம்பியர் என்றால், வோல்டேஜ் இருக்கிற இடத்தில் 'ஆம்பியர் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ்' என்று வைத்துப் பாருங்கள், ஆம்பியரின் வர்க்கம் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ் கிடைக்கும். ஆம்பியர் இருக்கிற இடத்தில் 'வோல்டேஜ் வகுத்தல் ரெசிஸ்டன்ஸ்' என்று வைத்தால், வோல்டேஜின் வர்க்கம் வகுத்தல் ரெசிஸ்டன்ஸ். உங்கள் 529 இந்தக் கடைசி வழியில் வந்ததுதான்: 230-இன் வர்க்கம் 52,900, அதை 100 வாட்டால் வகுத்தால் 529.

இதில் இரண்டு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். வோல்டேஜும் ஆம்பியரும் ஒரே பொருளுடையதாக இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் அளந்ததாகவும் இருக்க வேண்டும். சப்ளை வோல்டேஜை எடுத்து, நடுவில் இருக்கிற ஒரு சின்னப் பொருளின் ரெசிஸ்டன்ஸைக் கணக்கிட்டால் விடை தப்பு. 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சின்ன எல்இடி மாட்டுகிறீர்கள், அதற்கு 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டருக்கு 12-ஐ 0.02-ஆல் வகுத்து 600 ஓம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே நிற்பது 12 இல்லை, எல்இடி எடுத்துக்கொண்ட 2 போக மீதி 10 வோல்ட்தான். 10-ஐ 0.02-ஆல் வகுத்தால் 500 ஓம். அந்த ரெசிஸ்டரில் சூடாகப் போவது 10 பெருக்கல் 0.02, அதாவது 0.2 வாட், அதனால் கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் விளிம்பில் நிற்கும், அரை வாட் போட்டால் நிம்மதி. 20 மில்லி ஆம்பியரை 20 ஆம்பியராக நினைத்துப் போடுகிற தப்பும் இங்கேதான் நடக்கும். கணக்கில் இறங்கும் முன்னால் ஆயிரத்தால் வகுத்து 0.02 என்று எழுதிவிடுங்கள்.

இனி பல்புக்கு வருவோம். குண்டு பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. எரியும்போது அது சுமார் 2500 டிகிரிச் சூட்டில் இருக்கும். உலோகம் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், இந்தச் சூட்டில் டங்ஸ்டனுக்கு அது ஏறக்குறைய 14 மடங்காகிறது. 38-ஐ 14-ஆல் பெருக்கிப் பாருங்கள், 532. உங்கள் 529-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மல்டிமீட்டர் தன் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியிலிருந்து துளிக் கரண்டை அனுப்பித்தான் ரெசிஸ்டன்ஸ் பார்க்கிறது, அது இழையைச் சூடாக்கவே ஆக்காது, ஆகவே மீட்டர் பார்ப்பது எப்போதும் குளிர்ந்த இழையை.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். சுவிட்சைத் தட்டுகிற அந்த நொடியில் இழை இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது, ரெசிஸ்டன்ஸ் 38 ஓம். 230-ஐ 38-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். எரிய ஆரம்பித்த பிறகு ஓடுவது 0.43 ஆம்பியர்தான். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, அதற்குள் இழை சூடாகி கரண்ட் இறங்கிவிடும், ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இழையின் மேல் விழுகிற அடி பெரிது. நின்று எரிகிற பல்பைவிட சுவிட்ச் போடும்போது 'டப்' என்று போகிற பல்புகளே அதிகம் என்பதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். இழையில் எங்கேயோ மெலிந்துபோன இடம் அந்த 6 ஆம்பியரைத் தாங்காமல் அறுந்துவிடுகிறது.

அயர்ன் பாக்ஸில், ஹீட்டர் ராடில், கீசரில் இந்த வித்தியாசம் பெரிதாக வராது. அவற்றில் இருப்பது நிக்ரோம் கம்பி, நிக்கலும் குரோமியமும் கலந்தது. எவ்வளவு சூடானாலும் அதன் ரெசிஸ்டன்ஸ் நூற்றுக்கு ஐந்து, பத்து என்கிற அளவுக்குள்தான் கூடும். அதனால் பிளக்கைக் கழற்றி வைத்து மல்டிமீட்டரில் அயர்ன் பாக்ஸைப் பார்த்தால் 50 ஓமுக்குக் கிட்டத்தட்ட வரும், அதை நம்பலாம். கடையில் பழைய ஹீட்டர் வாங்கும்போது மீட்டர் கையில் இருந்தால் நான் இப்படித்தான் பார்ப்பேன். 2000 வாட் என்று சொல்லிக் கொடுத்தால் 26 ஓம் பக்கம் வர வேண்டும், 35 காட்டினால் அது 1500 வாட் சரக்கு.

ரெசிஸ்டன்ஸ் அளவுக்குப் பெயர் தந்த ஓம் என்பவர் ஜெர்மன்காரர், 1827-இல் தன் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அந்தக் காலத்து பேட்டரியில் வோல்டேஜ் ஒரு நிலையாக நிற்காது, கரண்ட் எடுக்க எடுக்க இறங்கிக்கொண்டே வரும், அதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் நிற்கவில்லை. அவர் பேட்டரியை விட்டுவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இரண்டு சந்திகளில் ஒன்றைக் கொதிக்கிற நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் வருகிற சின்ன ஆனால் ஆடாத வோல்டேஜைப் பயன்படுத்தினார். அப்புறம்தான் எண்கள் ஒழுங்காக வந்தன. சொந்த ஊரில் அவருக்கு உடனே மதிப்புக் கிடைக்கவில்லை, 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை உண்டு. ஒன்றை ஆடாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்ப்பது என்கிற அந்தப் பொறுமைதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில்.

ஆம்பியரின் வர்க்கம் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ் என்கிற சூத்திரத்தைப் பார்த்தால் ரெசிஸ்டன்ஸ் கூடக்கூடச் சூடு கூடும் போலத் தெரிகிறது. வோல்டேஜின் வர்க்கம் வகுத்தல் ரெசிஸ்டன்ஸைப் பார்த்தால் தலைகீழ். இரண்டும் சரி. உங்கள் இடத்தில் ஆடாமல் நிற்பது எது, வோல்டேஜா கரண்டா? அதைப் பார்த்துவிட்டுச் சூத்திரத்தை எடுங்கள்.

வீட்டில் எல்லாச் சாமானும் பேரலலில் இருக்கிறது. ஃபேன், லைட், கீசர் எதை மாட்டினாலும் அதற்குக் கிடைப்பது அதே 230 வோல்ட்தான், அதாவது வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறது. அப்படியானால் ரெசிஸ்டன்ஸ் குறைந்த சாமான்தான் அதிக வாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 53 ஓம், 2000 வாட் கீசர் 26 ஓம், 3000 வாட் கீசர் 17.6 ஓம். பழைய சுருள் ஹீட்டர் அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு இது கைப்பட்ட பாடம். காயில் அறுந்துவிட்டால் அறுந்த இடத்தை வெட்டி, இழுத்து முறுக்கி மறுபடி மாட்டுவார்கள். அடுப்பு முன்னைவிட நன்றாகச் சிவந்து எரியும், எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்தில் ஒரு பங்கு காயில் போயிருந்தால் 53 ஓம் 42 ஓம் ஆகிவிட்டது, 1000 வாட் 1250 வாட் ஆகிவிட்டது. மீதிக் கம்பி தாங்க வேண்டிய சூட்டுக்கு மேல் தாங்குகிறது, சீக்கிரமே இன்னோர் இடத்தில் அறும், மறுபடி வெட்டுவார்கள், மறுபடி வாட் கூடும்.

சீரிஸில் போட்டால் கதை மாறும். 100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் கோத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும் என்று ஐடிஐ பையன்களிடம் கேட்டால் பாதிப் பேர் 100 வாட் என்பார்கள். எரிவது 40 வாட் பல்புதான், 100 வாட் லேசாகச் சிவந்துகொண்டு நிற்கும். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், 40 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் 1322 ஓம், ஆகவே சூடு அங்கேதான் அதிகம். தோராயமாகப் போட்டால் 40 வாட் பல்பில் 20 வாட்டும் 100 வாட் பல்பில் 8 வாட்டும் வரும். இழைகள் முழுச் சூட்டில் இருக்காது என்பதால் நிஜ எண் கொஞ்சம் தள்ளி நிற்கும், ஆனால் எது முந்துகிறது என்பது மாறாது.

வீட்டில் கரண்ட் ஆடாமல் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது, வயரும் அதன் இணைப்புகளும். அதில் எத்தனை ஆம்பியர் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது வயர் இல்லை, கடைசியில் மாட்டியிருக்கிற சாமான். அதனால் வயருக்கும் பிளக்குக்கும் எப்போதும் ஆம்பியரின் வர்க்கம் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ்தான் கணக்கு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த தீ விபத்துகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்பின.

ஒரு வீட்டில் கீசர் 'சரியாகச் சூடாவதில்லை, ஏதோ வாடை வருகிறது' என்று கூப்பிட்டார்கள். 3000 வாட் கீசர். சாக்கெட்டில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரிகிறது, மீட்டர் வைத்தால் மெயின் போர்டில் இருக்கிற அதே 226 வோல்ட். எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. அப்புறம் கீசரை ஓடவிட்டு அதன் டெர்மினலில் அளந்தேன், 222. நாலு வோல்ட் காணோம். வயர் 2.5 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்), போர்டிலிருந்து 12 மீட்டர், போக வர 24 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்பு வயர் மீட்டருக்கு சுமார் 0.007 ஓம், 24 மீட்டருக்கு 0.166 ஓம். ஓடுகிற கரண்ட் 12.6 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வயரில் விழுவது 2.1 வோல்ட். மீதி 1.9 வோல்ட் எங்கே போனது? பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில். 1.9-ஐ 12.6-ஆல் வகுத்தால் 0.15 ஓம். பெருக்கினால் 24 வாட்.

24 வாட் என்றால் பெரிதாகத் தோன்றாது. ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை ஒன்று பிளக்குக்குள் சொருகி, தினமும் காலையில் அரை மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம். மெயினை இறக்கிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன், ஒரு பின் முழுக்க நீலமும் கறுப்புமாக வெந்திருந்தது, அந்த ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகிய ஓரம் உள்பக்கமாக மடங்கியிருந்தது, வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குக் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்து, வளைத்தால் நொறுங்கியது. சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்விப் பிடிக்கிற பித்தளைத் தகடு சூட்டில் இறுக்கம் இழந்துவிட்டிருந்தது. இறுக்கம் போனால் ரெசிஸ்டன்ஸ் கூடும், ரெசிஸ்டன்ஸ் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் இறுக்கம் போகும். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே இறங்குகிற சுவிட்ச்) இதைப் பிடிக்காது, அது பார்க்கிறது ஆம்பியரை மட்டும், ஆம்பியர் கூடவே இல்லையே.

கீசர் ஓடாதபோது ஏன் 226 காட்டியது என்றால், கரண்ட் ஓடவில்லை, பூஜ்யம் பெருக்கல் 0.15 பூஜ்யம்தான், இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே லூஸ் காண்டாக்ட் சந்தேகம் இருந்தால் லோடு ஓடும்போது அளக்க வேண்டும், 'டெஸ்டர் எரிகிறது, கரண்ட் வருகிறது' என்று விட்டுவிடக் கூடாது. மீட்டர் இல்லாதவர்கள் கீசரை நிறுத்தி, சுவிட்சையும் இறக்கிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பின்னருகே கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டையும் பிளக் டாப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

மெல்லிய வயர் போட்டாலும் இதே கணக்குதான். அதே 3000 வாட்டை 20 மீட்டர் தூரத்துக்கு 1 ஸ்கொயர் வயரில் கொண்டுபோனால், 40 மீட்டர், 0.69 ஓம், 13 ஆம்பியருக்கு 9 வோல்ட் வயரிலேயே போய்விடும், 116 வாட் சுவருக்குள் சூடாகும். 2.5 ஸ்கொயர் என்றால் 47 வாட். கடையில் நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டே ஹீட்டர் ஓட்டுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்க்க வேண்டும், சுருளுக்குள் இருக்கிற சூடு வெளியே போக வழியே இல்லை.

ஆம்பியர் வர்க்கத்தில் வருவதால்தான் தூரத்துக்குக் கரண்ட் கொண்டுபோகிறவர்கள் வோல்டேஜை ஏற்றி ஆம்பியரைக் குறைக்கிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகலூருக்கு வருகிற டிசி லைன் பிளஸ் 800, மைனஸ் 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட். இரண்டு முனைக்கும் நடுவே 16 லட்சம் வோல்ட், வகுத்துப் பார்த்தால் 3750 ஆம்பியர். இதையே 230 வோல்ட்டில் அனுப்புவதென்றால் 2.6 கோடி ஆம்பியர் ஓட வேண்டும். ஆம்பியர் பாதியானால் அதே கம்பியில் நஷ்டம் கால்வாசி. வீட்டு இன்வெர்ட்டரிலும் இதே விஷயம் சின்ன அளவில் இருக்கிறது. 600 வாட் லோடு 230 வோல்ட் பக்கம் 2.6 ஆம்பியர், அதே 600 வாட் 12 வோல்ட் பேட்டரி பக்கம் 50 ஆம்பியர். பேட்டரி முனையில் பூ பூத்து 0.01 ஓம் சேர்ந்தாலே 25 வாட் அங்கே சூடாகும். அந்த வயர் ஏன் அவ்வளவு தடிமன், முனையில் ஏன் வாஸ்லின் தடவச் சொல்கிறார்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும்? ஹீட்டர் வகைக்கு எளிது, வர்க்கத்தில் இறங்கும். சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டால் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 612 வாட்தான் கொடுக்கும். வோல்டேஜ் நூற்றுக்கு 22 குறைந்தது, சூடு நூற்றுக்கு 39 குறைந்துவிட்டது. சாமான் கெடாது, வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

மோட்டாரில் இந்த நினைப்போடு போனால் காயில் போய்விடும். கிணற்று மோட்டாரின் காயில் ரெசிஸ்டன்ஸை மீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் இருக்கும். 230-ஐ அதால் வகுத்தால் பயங்கரமான ஆம்பியர் வரும், ஆனால் ஓடும்போது அவ்வளவு எடுப்பதில்லை. சுற்றுகிற மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டு கரண்டைத் தடுக்கிறது. நிற்கிற மோட்டாரில் அது இல்லை, அதனால்தான் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் தண்ணீர்ப் பாரம் குறைவதில்லை, பாரத்தைத் தூக்க மோட்டார் ஆம்பியரைக் கூட்டிக்கொள்கிறது, ஆம்பியரின் வர்க்கத்தில் காயில் சூடாகிறது, வார்னிஷ் கருகுகிறது. ரீவைண்டிங் கடைக்கு வருகிற மோட்டார்களில் லோ வோல்டேஜில் விடாமல் ஓட்டியதும், பம்பு ஜாம் ஆகி நின்றதும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வோல்டேஜ் குறைவு என்று தெரிந்தால் மோட்டாரை நிறுத்துங்கள்.

வீட்டுக்கு வருகிற ஏசி கரண்டில் (திசை மாறி மாறி ஓடுகிற கரண்ட்) இன்னொரு சங்கதியும் உண்டு. வோல்டேஜ் பெருக்கல் ஆம்பியர் அப்படியே வாட் ஆவது ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு மாதிரிச் சாமான்களில் மட்டும். மோட்டாரிலும் எல்இடியிலும் கரண்ட் வோல்டேஜோடு சேர்ந்து நடப்பதில்லை, அதனால் பவர் ஃபேக்டர் என்கிற ஒன்றையும் பெருக்க வேண்டும், அது ஒன்றுக்குக் கீழேதான் இருக்கும். ஒரு பம்பு மோட்டார் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.75 என்றால், 1610 என்பது வெறும் வோல்ட் ஆம்பியர், நிஜ வாட் சுமார் 1208. த்ரீ ஃபேஸ் என்றால் இரண்டு ஃபேஸுக்கு நடுவிலான 415 வோல்ட், ஒரு லைனின் ஆம்பியர், பவர் ஃபேக்டர் மூன்றையும் பெருக்கி 1.732-ஆலும் பெருக்க வேண்டும். 9 வாட் எல்இடி பல்பின் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று சிலர் கேட்கிறார்கள், அதற்கு வோல்டேஜை ஆம்பியரால் வகுத்து வருகிற எண்ணுக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, உள்ளே ஒரு சின்ன சர்க்யூட்டே இருக்கிறது.

கிளாம்ப் மீட்டர் இல்லாமல் வாட் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈபி மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறலாம். ஒரு வாட் ஒரு விநாடி ஓடினால் ஒரு ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், 3200-ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டேன், 20 சிமிட்டலுக்கு 24 விநாடி ஆனது. 1125 பெருக்கல் 20 வகுத்தல் 24, விடை 937 வாட். கிளாம்ப் மீட்டர் சொன்ன அதே எண். வோல்டேஜ் 222 என்று தெரிந்தால் போதும், 222-இன் வர்க்கத்தை 937-ஆல் வகுத்து 52.6 ஓம் என்று ரெசிஸ்டன்ஸையும் எடுத்துவிடலாம். அயர்ன் பாக்ஸில் தெர்மோஸ்டாட் விட்டு விட்டு வேலை செய்யும், ஆகவே அதன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே எண்ணி முடித்துவிடுங்கள்.

கரண்டால் கம்பியில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் கூடுகிறது என்பதை ஜூல் என்கிற இங்கிலாந்துக்காரர் 1841-இல் வெளியிட்டார். கம்பியைத் தண்ணீரில் மூழ்கடித்து, தெர்மாமீட்டரில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தார், கிட்டத்தட்ட நம் வாளியும் ஹீட்டர் ராடும்தான். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 4186 ஜூல் வேண்டும். 20 லிட்டர் வாளியை 27 டிகிரியிலிருந்து 47-க்கு ஏற்ற சுமார் 16.7 லட்சம் ஜூல். 1500 வாட் ராடு 222 வோல்ட்டில் 1400 வாட்தான் கொடுக்கும், ஆக 20 நிமிடம். செலவு அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் வாளிக்கு இதைவிட ரொம்ப நேரமாகிறது என்றால் ராடின் மேல் உப்புப் படிந்திருப்பதைக் குற்றம் சொல்ல வேண்டாம், உப்பு படிந்தால் ராடு உள்ளே அதிகம் சூடாகி ஆயுள்தான் குறையும், போகிற வாட் போய்க்கொண்டுதான் இருக்கும். வோல்டேஜைப் பாருங்கள், அல்லது வாட்டே குறைவான சரக்கா என்று ஓம் பாருங்கள். பார்க்கும்போது பிளக் சாக்கெட்டில் இருக்கக் கூடாது, ராடு வாளியிலும் இருக்கக் கூடாது. தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் கை தண்ணீருக்குள் போக வேண்டும்.

அளக்கும்போது செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மீட்டரை ஓமில் வைத்துக்கொண்டு கரண்ட் இருக்கிற இடத்தைத் தொடாதீர்கள். அதைவிட ஆபத்து, ஒயரை ஆம்பியர் ஓட்டையில் சொருகிவிட்டு சாக்கெட்டில் வோல்டேஜ் பார்க்கப் போவது. ஆம்பியர் பக்கத்தில் மீட்டரின் ரெசிஸ்டன்ஸ் ஓமில் நூறில் ஒரு பங்கு என்கிற அளவில்தான் இருக்கும், 230-ஐ அதால் வகுத்தால் என்ன வரும் என்று நீங்களே பாருங்கள், அது நேர் ஷார்ட் சர்க்யூட், முகத்துக்கு நேராக வெடிக்கும். வீட்டுக் கரண்டுக்கு கிளாம்ப் மீட்டரே நல்லது, வயரை வெட்ட வேண்டாம், தொட வேண்டாம். ஆனால் ஃபேஸ் வயரை மட்டும் தனியாகக் கவ்வ வேண்டும், ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழு கேபிளைக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். அப்புறம், சில ஓம்களை அளக்கும்போது முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து அது காட்டுகிற 0.2, 0.3 ஓமைக் குறித்துக்கொண்டு விடையிலிருந்து கழித்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.52 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அதிகம். 'போட்டேன், எரிகிறதே' என்பார்கள், எரியும்தான், முதல் நாளே ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தச் சாக்கெட்டின் பித்தளைத் தகடு சின்னது, பல வீடுகளில் அதற்கு வருகிற வயர் 1 ஸ்கொயர், அதே வயரில் லைட்டும் ஃபேனும் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே 0.15 ஓம் லூஸ் வந்தால் 6.5-இன் வர்க்கம் 42, பெருக்கினால் 6 வாட்டுக்கு மேல், 16 ஆம்பியர் சாக்கெட்டைவிட சின்ன இடத்தில், தினமும் 20 நிமிடம். 16 ஆம்பியர் சாக்கெட், தனியாக 2.5 ஸ்கொயர் வயர், எர்த் சேர்த்து, அதில் போடுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டில் 16 ஆம்பியர் பிளக்கை நுழைக்க விற்கிற கன்வர்ட்டர் கட்டையை ஹீட்டருக்கு வாங்கவே வாங்காதீர்கள்.